மூட்டாத சாரனும் இணையப் பக்கமும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், களுவாஞ்சிக்குடியில் எங்கள் அயலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தாம் படிப்பித்த பாடசாலையின் பழைய வரலாற்றுக் குறிப்பு ஒன்று இணையத்தில் கிடப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் விடாமல் தேடிப் பிடித்துவிட்டார். ஆனால் திரையில் தெரிந்தது எந்த மொழியும் இல்லை. ஆங்கிலச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டிய குவியல். "தம்பி, கணினிக்குள் கிருமி ஏதும் புகுந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"கிருமி இல்லை சேர், இது பாமினி" என்றேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோட் முறை பரவுவதற்கு முன்னர் இலங்கையில் தமிழ் அச்சகங்களும் அலுவலகங்களும் பெருமளவில் பயன்படுத்திய எழுத்துரு அது. பாமினியில் தட்டச்சுச் செய்வதெல்லாம் உள்ளுக்குள் ஆங்கில எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். எழுத்து மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன. ஒரு பத்தியை வெட்டிக் கொண்டுபோய் அங்கே ஒட்டினால் தமிழ் வரும். ஆனால் அவர் கொண்டுவந்த குறிப்பு நாற்பது பக்கம். எழுபது வயதைத் தாண்டியவர் நாற்பது பக்கத்தையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் அவர் இணையப் பக்கங்களைத் திறக்கும் உலாவிக்குள் ஒரு பயனர் ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டேன். மறுநாள் அதே பக்கங்களைத் திறந்தபோது அவை தாமாகவே தமிழாகத் தெரிந்தன.

பயனர் ஸ்கிரிப்ட் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, அதில் எங்கே கைசுடும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். இதற்கு இன்னும் நிலைத்த தமிழ்ச்சொல் வரவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்து, பின்னர் சென்னையில் கலைச்சொல் ஆக்கும் பணியில் முன்நின்ற சுவாமி விபுலாநந்தர் இன்று இருந்தால் நல்ல சொல் ஒன்றைத் தந்திருப்பார். அதுவரை பயனர் ஸ்கிரிப்ட் என்றே சொல்லிக்கொள்வோம்.

ஒரு தளத்தைத் திறக்கும்போது அந்தப் பக்கம் எங்கோ தொலைவில் இருப்பதாகவும், அதை நாம் ஒரு கண்ணாடி வழியாகப் பார்ப்பதாகவும் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. தளத்தின் சேவையகம் எழுத்துக் கோப்புகளை நம் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று சொல்லும் கோப்பு ஒன்று. நிறமும் அளவும் சொல்லும் கோப்பு இன்னொன்று. பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வேறொன்று. இவற்றை வாசித்து, கிளைவிட்ட மரம்போல ஓர் அமைப்பை நினைவகத்தில் கட்டி, அதைத் திரையில் வரைவது நம் உலாவி. அந்த வரைதல் முழுவதும் நம் மேசையில்தான் நடக்கிறது.

மருதமுனைத் தறியில் நெய்த சாரனை வாங்குகிறோம். அது மூட்டாமல்தான் வரும். நம் இடுப்புக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி ஓரம் மூட்டி உடுத்துவது நம் வேலை. அதனால் நெசவாளிக்கு ஒரு குறையும் வராது. கடையில் மடித்து வைத்திருக்கும் மற்றச் சாரன்களும் அப்படியே இருக்கும். பயனர் ஸ்கிரிப்டும் இப்படித்தான். வந்து சேர்ந்த பக்கத்தை உலாவி வரையும் நேரத்தில், நாம் எழுதிய சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் கூட ஓடி அந்த மரத்தில் கைவைக்கிறது. ஒரு கிளையை வெட்டலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், சொல்லை மாற்றலாம், புதிதாக ஒரு பொத்தானை வைக்கலாம். தளத்தில் ஓர் எழுத்தும் மாறாது. பக்கத்து வீட்டுக்காரர் அதே தளத்தைத் திறந்தால் பழையபடியே பார்ப்பார்.

ஜாவாஸ்கிரிப்டை 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அது தளம் நடத்துபவர்களின் கையில் கொடுக்கப்பட்ட கருவி. வாசிப்பவரின் கைக்கு அது வர ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. ஏட்ரியன் ஹோலோவாட்டி என்பவர் இசைத்தளம் ஒன்றின் தோற்றத்தைத் தமக்கேற்றபடி திருத்திக்கொள்ள பயர்பொக்ஸ் நீட்சி ஒன்றை, அதாவது அந்த உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல் ஒன்றை, எழுதியிருந்தார். அதைப் பார்த்த ஆரன் பூட்மன், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நீட்சி எழுதுவதை விட, யாரும் எந்தத் தளத்துக்கும் சிறு நிரல் எழுதிச் செருகிக்கொள்ள வழிவிடும் ஒரே நீட்சி இருந்தால் என்ன என்று யோசித்தார். 2004இன் இறுதியில் அந்த நீட்சி கிரீஸ்மங்கி என்ற பெயரில் வந்தது. 2010இல் குரோம் உலாவிக்கு, அதே வேலையைச் செய்யும், யான் பினியொக் எழுதிய டாம்பர்மங்கி வந்தது. பின்னர் வந்த வயலன்ட்மங்கி, யாரும் திறந்து வாசிக்கக்கூடிய திறந்த மூல நிரல்; டாம்பர்மங்கியின் இன்றைய பதிப்புகள் அப்படி அல்ல. பயர்பொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் வயலன்ட்மங்கியையும், குரோம் அல்லது எட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு டாம்பர்மங்கியையும் சொல்கிறேன்.

நிறுவுவது ஐந்து நிமிட வேலை. உலாவியின் அதிகாரபூர்வ நீட்சிக் கடையில் பெயரைத் தேடிச் சேர்த்தால் போதும். குரோமில் பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள். நீட்சியைச் சேர்த்த பின்னும் ஸ்கிரிப்ட் ஓடாது. கூகுள் தன் நீட்சி விதிகளை இறுக்கியபோது, பயனர் ஸ்கிரிப்டுகளுக்குக் கணினியின் உரிமையாளர் தம் கையால் தனி அனுமதி கொடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டது. முன்னர் நீட்சிகள் பக்கத்தில் மேம்பாட்டாளர் நிலையை இயக்க வேண்டியிருந்தது. குரோம் 138ஆம் பதிப்பிலிருந்து அந்த நீட்சியின் விவரப் பக்கத்திலேயே பயனர் ஸ்கிரிப்டுகளை அனுமதிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சரி.

ஒரு ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் தலையில் சில வரிகள் இருக்கும். பெயர், பதிப்பு எண், எந்த முகவரிகளில் ஓட வேண்டும், பக்கம் ஏற்றப்படும் எந்தக் கட்டத்தில் ஓட வேண்டும், என்னென்ன சிறப்பு அதிகாரம் வேண்டும் என்பவை அங்கே எழுதப்பட்டிருக்கும். வேலை செய்யும் நிரல் அதற்குக் கீழே வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் கீழே இருப்பதைத்தான் ஆர்வத்தோடு பார்ப்பார்கள். மேலே உள்ள மேட்ச் என்ற வரிதான் முழு ஸ்கிரிப்டிலும் முக்கியமானது என்பது என் எண்ணம். இந்த நிரல் எந்த வாசலுக்குள் நுழையலாம் என்று சொல்வது அந்த வரி. அங்கே ஒரே தளத்தின் முகவரியை எழுதினால் அது அந்தத் தளத்தோடு நின்றுவிடும். எல்லா இடத்திலும் நட்சத்திரக் குறியைப் போட்டால், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும், வங்கிக் கணக்கிலும் மின்னஞ்சலிலும் கூட, அது நுழையும்.

இனி ஆசிரியரின் பாமினிக்கு வருவோம். "தமிழ்" என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கும். ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது இகரக் கொக்கி, ஓ என்பது ழ, அரைப்புள்ளி மெய்யின் புள்ளி. இதைப் பார்த்தவுடன், ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று மாற்றிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. "கொழும்பு" வந்ததும் அந்த எண்ணம் உடைந்தது.

கையால் எழுதும்போது கொ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று எழுதுகிறோம். பாமினி அந்த வரிசையையே பின்பற்றுகிறது: என், எஃப், எச் என்று மூன்று விசைகள். யுனிகோட் ஒலியின் வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் க, அதன் பின் ஒகரக் குறி. கொம்பும் காலும் சேர்ந்து அங்கே ஒரே குறியாக நிற்கின்றன. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு முன்னே தனியாகத் தொங்கும், கால் பின்னே ஒட்டாமல் நிற்கும். இதற்கு வழி, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையை நீளத்தின்படி அடுக்குவது. மூன்று விசைச் சேர்க்கைகளை முதலில் மாற்ற வேண்டும். அவை தீர்ந்த பின் இரண்டு விசை. கடைசியில்தான் ஒற்றை விசை. கொ முதலில், கெ அடுத்து, க கடைசியில். வரிசை பிசகினால் கொ ஒருநாளும் பிறக்காது. பதினெட்டு மெய்யையும் கிரந்த எழுத்துகளையும் இப்படி அடுக்கினால் அட்டவணை சில நூறு வரிக்குப் போகும். அலுப்பான வேலைதான். ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

அடுத்த சிக்கல் ஆங்கிலம். பாமினிப் பக்கங்களில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் இடையிடையே வரும். வேலை என்று பொருள்படும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை என் அட்டவணை "தழடி" என்று மாற்றித் தந்தது. எது ஆங்கிலம், எது பாமினி என்று எழுத்தை மட்டும் பார்த்துக் கணினியால் பிரிக்க முடியாது; இரண்டும் ஒரே எழுத்து. நல்ல வேளையாக, அந்தக் குறிப்பைப் பதிவேற்றியவர் ஒவ்வொரு பத்திக்கும் எழுத்துருவின் பெயரைக் குறித்திருந்தார். எந்தப் பத்தியின் எழுத்துரு பாமினி என்று இருக்கிறதோ அதை மட்டும் தொடு, மற்றதை விடு என்று இரண்டு வரி சேர்த்தேன். தழடி மறைந்தது. அட்டவணையைக் கழித்துப் பார்த்தால் முழு நிரலும் இருபது வரிதான்.

எனக்கென்று நான் எழுதிய இன்னொரு ஸ்கிரிப்ட், மும்மொழித் தளம் ஒன்றுக்கானது. அந்தத் தளம் எப்போது திறந்தாலும் தமிழில் திறக்காது. தமிழ்ப் பக்கம் இருக்கிறது; மூலையில் உள்ள சிறு இணைப்பை ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழும் ஆட்சி மொழியாதல் வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தது. எழுதிவைத்த பின்னும் ஒரு மூலையைத் தேடி அழுத்த வேண்டியிருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும். தமிழ்ப் பக்கத்தின் முகவரியில் தமிழைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டுமே கூடுதலாக இருந்தன. முகவரியில் அந்த இரண்டு எழுத்தும் இல்லையென்றால் சேர்த்துத் திறந்துவிடு என்று எழுதினேன்.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் ஒரு பக்கம் மின்மினிபோல விட்டு விட்டு வெட்டத் தொடங்கியது. அந்தப் பக்கத்துக்குத் தமிழ் வடிவமே இல்லை. தளம் ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது, என் நிரல் மறுபடி தமிழுக்கு அனுப்புகிறது, தளம் மறுபடி திருப்புகிறது. ஒரு நொடிக்குப் பல முறை அந்தச் சேவையகத்தின் கதவை நான் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முகவரிக்கு ஒருமுறைதான் முயல வேண்டும், முயன்றதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று திருத்தினேன். பக்கத்தைத் திருப்பிவிடும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இந்தக் கட்டுப்பாட்டை முதல் வரியிலேயே வைத்துவிட வேண்டும்.

இதில் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் ஸ்கிரிப்ட் என் திரையை மட்டுமே தமிழாக்குகிறது. ஆரையம்பதியிலும் பொத்துவிலிலும் அதே தளத்தைத் திறக்கிற தாய்மாருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்காகச் செய்ய வேண்டியது முறையீடு எழுதுவதும் திருத்தச் சொல்வதும்தான். ஸ்கிரிப்டை எழுதி முடித்த நிம்மதியில் அந்த முறையீட்டை நான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன் என்பது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

ஆபத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பக்கத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்ட், அந்தப் பக்கத்தில் நீங்கள் பார்ப்பதையெல்லாம் பார்க்கும். நீங்கள் தட்டுவதையெல்லாம் வாசிக்கும். கடவுச்சொல் உங்களுக்குப் புள்ளியாகத் தெரியும், அதற்கு எழுத்தாகவே தெரியும். உரிய அதிகாரம் பெற்றிருந்தால், உலாவி வழக்கமாகத் தடுக்கும் எல்லையையும் கடந்து வேறொரு தளத்துக்குத் தகவலை அனுப்பவும் அதனால் முடியும். 2005இலேயே கிரீஸ்மங்கியில் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. தீய நோக்குள்ள ஒரு தளம், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டின் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, பயனரின் கணினியில் உள்ள கோப்புகளையே வாசிக்க முடிந்தது. அதன் பிறகுதான் ஸ்கிரிப்டுகளைத் தனிக் கூண்டுக்குள் ஓட்டும் ஏற்பாடுகள் இறுகின.

இன்னொரு நிகழ்வு எனக்கு அதைவிடப் பெரிய பாடம். ஜேசன் பார்னபே என்பவர் ஸ்டைலிஷ் என்ற நீட்சியை எழுதினார். தளங்களின் நிறத்தையும் தோற்றத்தையும் மாற்ற உதவுவது. மிக நல்ல பெயர் எடுத்திருந்தது. 2016இல் அதை அவர் வேறொருவர் கையில் கொடுத்தார். அங்கிருந்து அது ஒரு தரவு நிறுவனத்தின் வசமானது. நீட்சியின் பெயரும் மாறவில்லை, தோற்றமும் மாறவில்லை. ஆனால் பயனர்கள் திறந்த பக்கங்களின் முகவரிகள் அந்த நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 2018 யூலையில் ரொபர்ட் ஹீட்டன் என்ற பொறியாளர் அதை வெளிப்படுத்திய பின், பயர்பொக்ஸும் குரோமும் தம் கடைகளிலிருந்து அதை நீக்கின. நிறுவிய நாளில் நேர்மையாக இருந்த ஒன்று, தானாகப் புதுப்பித்துக்கொண்டு வேறொன்றாகிவிட்டது. ஸ்கிரிப்டுகளுக்கும் தானாகப் புதுப்பிக்கும் வழி உண்டு. பிறர் எழுதியவற்றுக்கு நான் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அதே பார்னபே 2014இல் தொடங்கிய கிரீஸி போர்க் தளம்தான் இன்று ஸ்கிரிப்டுகள் பெருமளவில் கிடைக்கும் இடம். அங்கே ஒரு நல்ல விதி இருக்கிறது: வாசிக்க முடியாதபடி சுருக்கியோ குழப்பியோ எழுதிய நிரலை வெளியிட முடியாது. ஆகவே எடுப்பதற்கு முன் திறந்து பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் தெரியாவிட்டாலும் மேட்ச் வரியைப் பார்க்க எல்லோராலும் முடியும். வானொலிப் பக்கம் ஒன்றின் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கிரிப்டுக்கு எல்லாத் தளங்களிலும் நுழையும் உரிமை எதற்கு? அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கல்முனையிலும் ஏறாவூரிலும் ஒவ்வொரு சந்தியிலும் இருக்கும் கொமியூனிகேஷன் கடைகளை நினைத்து ஒரு வார்த்தை. பரீட்சைப் பெறுபேறு பார்க்கவும் விண்ணப்பம் நிரப்பவும் சனங்கள் அங்கேதான் போகிறார்கள். பலர் கைவைக்கும் கணினியின் உலாவியில் யார் எந்த ஸ்கிரிப்டைப் போட்டு வைத்தார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். குரோமில் விருந்தினர் சாளரம் என்று ஒன்று இருக்கிறது. அதில் நீட்சி எதுவும் ஓடாது. தனிப்பட்ட சாளரத்திலும், யாரும் தனியாக அனுமதி கொடுத்திராவிட்டால் ஓடாது. கடைக்காரர்கள் வாடிக்கையாளரை விருந்தினர் சாளரத்தில் உட்காரவைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பெரிய உபகாரம்.

உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று அறிய இந்த நிரலை ஒட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தியும் இதே குடும்பம்தான். உலாவியின் நிரல் சாளரத்தைத் திறந்தால் பேஸ்புக் சிவப்பு எழுத்தில் "நிறுத்துங்கள்" என்று எச்சரிப்பது அதனால்தான். ஒட்டிய மறுநிமிடம் கணக்கு வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும்.

தளம் தன் அமைப்பை மாற்றினால் ஸ்கிரிப்ட் செத்துப்போகும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இன்று வேலை செய்வது நாளை சத்தமில்லாமல் நிற்கும். இழுக்க இழுக்க வந்துகொண்டிருக்கும் பக்கங்களில், முதலில் வந்த பகுதியை மட்டும் மாற்றிவிட்டு ஸ்கிரிப்ட் ஓய்ந்துவிடும். புதிதாக வருவதைக் கவனித்து மறுபடி இயங்கும்படி எழுத வேண்டும். கைத்தொலைபேசியில் வாசிப்பவர்கள்தான் இங்கே அதிகம். ஆண்ட்ராய்டுக்கான குரோமில் நீட்சிகளுக்கு இடமில்லை. ஆண்ட்ராய்டுக்கான பயர்பொக்ஸில் வயலன்ட்மங்கியும் டாம்பர்மங்கியும் நிறுவலாம். நீட்சியை நீக்கினால் அதற்குள் இருந்த ஸ்கிரிப்டுகளும் கூடவே போய்விடும். ஆகவே எழுதியவற்றைக் கோப்பாக வெளியே எடுத்துப் பென்டிரைவில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

ஆசிரியர் நாற்பது பக்கத்தையும் மூன்று நாளில் வாசித்து முடித்தார். நான்காம் நாள் ஒரு துண்டுத் தாளோடு வந்தார். ஏழு இடங்களில் எழுத்துப் பிழைத்திருக்கிறது என்று வரிவரியாகக் குறித்திருந்தார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆறு, என் அட்டவணையில் விடுபட்ட சேர்க்கைகள், அங்கேயே திருத்தினேன். ஏழாவது, அந்தக் குறிப்பைத் தட்டச்சுச் செய்தவர் அன்றைக்கே விட்ட பிழை. அதைத் தொடவில்லை.